மரம் மறக்காத எண்ணெய்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, துப்பாக்கி சுடும் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. "வீராங்கனையின் கைத்துப்பாக்கியில் பின் ஊசி சிக்கிக்கொண்டு, தோட்டா தானே வெடித்து, அவர் இறந்தமைக்குப் பராமரிப்பாளரின் அலட்சியமே காரணம். அவரே அதை ஒப்புக்கொண்டுள்ளார்" என்பது அதன் வாசகம். கீழே செயலாளரின் கையொப்பமும் மன்றத்தின் முத்திரையும் இருந்தன. குறை இதுதான்: ஒருவர் தம்மீது பழியைப் போட்டுக்கொண்டார் என்பதனாலேயே அப்பழி உண்மையாகிவிடாது. "நான்தான்" என்று சொன்னவரை "ஏன் சொல்கிறீர்?" என்று எவரும் கேட்கவில்லை. கேளாமல் விட்டதற்குப் பெயர் விசாரணை என்றால், கேட்பதற்கு நாம் வேறு பெயர்தான் தேட வேண்டும்.

அந்தப் பராமரிப்பாளருக்கு மன்றத்தில் எண்ணெய்க்கை என்று பெயர். துப்பாக்கிகளைக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டித் தருவது அவர் வேலை. மணிக்கட்டு வரையில் எப்போதும் எண்ணெய் மினுங்கும். அவர் கையை நீட்டினால் உறுப்பினர்கள் தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இறந்துபோன அந்தப் பெண் ஒருத்திதான் அந்தக் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, பிறகு தன் காற்சட்டையில் துடைத்துக்கொள்வாள்.

அவள் ஒரு பல் மருத்துவரின் ஒரே மகள். விபத்தன்று காலைப் பயிற்சியில், சுட்டவுடன் பின்னே போய்த் தானே முன்னே வர வேண்டிய துப்பாக்கியின் மேற்பகுதி பாதி வழியில் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்க அவள் அதைத் தன் பக்கம் திருப்பி, மார்புக்கருகே கொண்டுவந்து, உள்ளங்கையால் தள்ளி மூடினாள். விசையை அவள் தொடவேயில்லை. தோட்டாவைத் தட்டும் சிறு ஊசி, அதைத்தான் பின் என்பார்கள், முன்புறம் நீட்டியபடி சிக்கியிருந்தது. மூடியதும் வெடித்தது.

அவளுடைய தந்தை அண்ணியைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான்.

அண்ணி என்பது துப்பறியும் அம்மையார் ஒருவருக்கு நிலைத்துவிட்ட பெயர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவர். கணவர் இறந்தபின் தனியே தொழில் நடத்துகிறார். அவருடைய கொழுந்தன், வாய் காரணமாக எந்த வேலையிலும் தங்காதவன், அவருக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான். அவன் நாள் முழுதும் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், வழக்கறிஞர்கள் முதல் காவல் ஆய்வாளர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார்.

பல் மருத்துவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, காவலில் இருக்கும் அந்த எண்ணெய்க்கைக்கு அதிகபட்சத் தண்டனை கிடைக்கும்படி ஆதாரம் திரட்டித் தர வேண்டும் என்று கேட்டார். அந்த ஆள் துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டித்தான் அனுப்புவான். அந்தப் பிசுக்கு உள்ளே உறைந்துதான் பின் சிக்கியிருக்க வேண்டும். மகளின் சட்டைக் கைகளெல்லாம் எண்ணெய்க் கறை. துப்பாக்கியை எத்தனையோ முறை தாமே துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்திருப்பதாகவும் சொன்னார். துப்பாக்கி இரவில் எங்கே இருக்கும் என்று அண்ணி கேட்டதற்கு, வீட்டில் இரும்புப் பெட்டியில், சாவி தம்மிடம் மட்டுமே என்றார். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணீர் என்றுதான் முதலில் தோன்றியது. வில்லைகளின் மேற்பூச்சே செதில் செதிலாக உரிந்திருந்தது.

அவர் போன பிறகு கொழுந்தன் சும்மா இருக்கவில்லை.

"அண்ணி, டாக்டர் கண்ணாடியப் பாத்தீங்களா? பாம்பு சட்டை உரிச்ச மாதிரி உரிஞ்சிருக்கு. அத மாட்டிக்கிட்டு பல்லு புடுங்கினா, நல்ல பல்லுதான் முதல்ல வரும்."

"கம்பியப் பாத்தியா? கீல்ல ஒரு துளி அழுக்கு இல்ல. அவ்வளவு பளபளப்பா வச்சிருக்கிறவர் வில்லையக் கெடுத்து வச்சிருக்காரு. அத யோசி."

"யோசிக்கத்தான் நீங்க இருக்கீங்களே. நான் வண்டி ஓட்டுறதுக்கு."

"நீ அதையும் ஒழுங்கா செஞ்சதில்ல."

மறுநாள் காலை இருவரும் மன்றத்தின் பட்டறைக்குச் சென்றனர். ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் மூடியிட்ட எஃகுத் தொட்டி. அதற்கு ஒட்டினாற்போல் எண்ணெய் நிரம்பிய ஒரு தட்டு. செயலாளர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எண்ணெய்த் தட்டை விரல் நுனியால் அப்பால் தள்ளிவிட்டு, தொட்டியைக் காட்டினார். அது ஒலி அலையால் சுத்தம் செய்யும் இயந்திரம். நம் காதுக்கு எட்டாத வேகத்தில் நீர் அதிரும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கோடிக்கணக்கில் தோன்றி உடைந்து, குச்சியும் தூரிகையும் நுழையாத துளைக்குள்ளும் புகுந்து கரியையும் பிசுக்கையும் பெயர்த்தெடுக்கும். துப்பாக்கியின் மரப்பிடியை மட்டும் கழற்றிவிட்டு, இரும்புப் பாகங்களைக் கம்பிக் கூடையில் வைத்து இறக்க வேண்டும். மரம் உள்ளே போனால் ஊறிக் கெட்டுவிடும். இத்தனையையும் செயலாளர் தாமே கண்டுபிடித்தவர்போல் விளக்கினார்.

கொழுந்தன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அண்ணி, இதுல என் நாக்கப் போட்டா சுத்தமாயிடுமா?"

"தொட்டி தாங்காது."

அவன் தன் சட்டைப்பையிலிருந்து பழைய மடக்குக் கத்தி ஒன்றை எடுத்தான். அவன் அண்ணனுடையது அது. பல வருடத்து அழுக்கு அதன் கீலில் அடைந்திருந்தது. செயலாளர் அதைக் கூடையில் வைத்து விசையைத் தட்டினார். மெல்லிய ரீங்காரம் எழுந்தது. கீலிலிருந்து கறுப்புப் புகைபோல் அழுக்குக் கிளம்பி நீரில் கரைந்தது. எடுத்தபோது கத்தி, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியதுபோல் மின்னியது. கொழுந்தன் அதை நான்கு முறை விரித்து மடக்கி மகிழ்ந்து, துணியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அண்ணி செயலாளரிடம் எண்ணெய்த் தட்டைப் பற்றிக் கேட்டார். அது எண்ணெய்க்கையின் பைத்தியம் என்றார் அவர். தொட்டியிலிருந்து எடுத்த கை அடுத்த கணம் தட்டில்தான் இறங்குமாம். நடுவில் தொலைபேசி அடித்தாலும் எடுக்க மாட்டாராம். விபத்தன்று முதலில் ஓடிவந்து துப்பாக்கியை எடுத்தவரும் அவர்தானாம்; பயிற்சி பார்க்க வந்திருந்த தந்தை மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பெண்ணின் துப்பாக்கிக்குக் கடைசியாக என்ன வேலை நடந்தது என்று அண்ணி கேட்டார். வழக்கமான பராமரிப்போடு, அவள் உள்ளங்கை அளவுக்குப் புதிய மரப்பிடி இழைத்துப் பொருத்திக் கொடுத்ததாகவும், மறுநாள் காலையிலேயே இப்படி ஆகிவிட்டதாகவும் செயலாளர் சொன்னார்.

"புதுப் பிடி" என்று அண்ணி தமக்குள் சொல்லிக்கொண்டார்.

காவல் நிலையத்தின் வெளிப்பெஞ்சில் எண்ணெய்க்கையின் மனைவி அமர்ந்திருந்தாள். நிறைமாதம். தூக்குப் பாத்திரம் ஒன்று மடியில் இருந்தது. அண்ணி எதிர்த்தரப்புக்காக வந்தவர் என்று தெரிந்தும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கணவர் வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார், தன்னிடம்கூட ஒரு வார்த்தை பேச மறுக்கிறார் என்று சொன்னாள்.

"அவரு மறந்தாருன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா. எங்க வீட்டு கதவுக் கீலு கிறீச்சிட்டு நான் கேட்டதில்ல. பிள்ளை பிறக்கும்போது இவரு உள்ள இருந்தாருன்னா, நான் அதுகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

அண்ணி அவளுடைய தோளைத் தொட்டுவிட்டு உள்ளே சென்றார்.

கம்பிக்குப் பின்னால் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்; எண்ணெய் வற்றிய அந்தக் கைகளில் தோல் வெடித்திருந்தது. அண்ணி கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: தப்பு என்னுடையது, நான் சரியாகப் பார்க்கவில்லை. எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று கேட்டால் சுவரைப் பார்த்தார். எண்ணெய் விட்டீர்களா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் அவருடைய தாடை ஒருமுறை இறுகியது. அண்ணி எழுந்தபோது அவராகவே வாயைத் திறந்தார்.

"டாக்டர் ஐயா சாப்பிடுறாரா?"

வெளியே வந்ததும், தம்மைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிற மனிதர் சாப்பிட்டாரா என்று கேட்கும் ஒருவரை இப்போதுதான் பார்ப்பதாகக் கொழுந்தன் சொன்னான். அந்தக் கேள்வி அண்ணியின் காதில் முள்ளாய்த் தைத்திருந்தது.

ஆய்வாளர் பழைய பழக்கத்தின் பொருட்டு, சான்றுப் பொருள் அறையைத் தம் முன்னிலையில் திறந்துகொடுத்தார். துப்பாக்கி ஒரு பொட்டலத்தில் நூலால் கட்டப்பட்டிருந்தது. நூலை அறுக்கக் கொழுந்தன் தன் மடக்குக் கத்தியை எடுத்தான். அது விரியவில்லை. நகத்தை விட்டு நெம்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஒரு முனகலோடு பாதி விரிந்து அங்கேயே நின்றுவிட்டது. கீலில் செம்புள்ளிகள் பூத்திருந்தன.

"காலைல வெண்ணெய் மாதிரி விரிஞ்சது அண்ணி. குளிப்பாட்டின உடனே சன்னி பிடிச்சிருச்சு."

அண்ணி அந்தக் கத்தியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆய்வாளரே நூலை அவிழ்த்தார். உள்ளே இருந்த இரும்பு, கோடைக் குளத்துத் தரைபோல் வறண்டிருந்தது. பின் ஊசி ஓடும் துளையின் வாயில், அதே செம்புள்ளிகள். ஆய்வாளருக்கு அதில் வியப்பொன்றும் இல்லை: இயந்திரத்தில் போட்டிருக்கிறான், எண்ணெய் விட மறந்திருக்கிறான், அதைத்தானே அவனே சொல்கிறான் என்றார்.

அண்ணி மரப்பிடியைக் கழற்றித் தரும்படி கேட்டார். இரண்டு மரத் தகடுகள் மேசைக்கு வந்தன. வெளிப்புறம் வெளிர்நிறப் புதுமரம். உட்புறத்தைத் திருப்பியபோது கொழுந்தனின் வாய்கூட அடைத்துப்போயிற்று. இரும்புச் சட்டத்தின் வடிவமும் சுருள்வில்லின் வடிவமும் திருகாணியின் வடிவமும், அச்சடித்ததுபோல் எண்ணெயாய்ப் பதிந்து மினுங்கிக்கொண்டிருந்தன. அண்ணி விரலால் தொட்டு ஆய்வாளரிடம் நீட்டினார். விரல் பளபளத்தது.

"இந்தப் பிடி கடைசிப் பராமரிப்புல புதுசாப் போட்டது. அப்ப இரும்புல எண்ணெய் இல்லன்னா, மரம் இத எங்கேருந்து குடிச்சுது?"

ஆய்வாளர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய்க்கை தம் வேலையைச் செய்துதான் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு யாரோ பிடியைக் கழற்றி, இரும்பை மட்டும் கழுவி, துளி எண்ணெய் விடாமல் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். மரத்தை நீரில் போடக் கூடாது என்று அறிந்த கை அது. இரும்பை எண்ணெயில்லாமல் விடக் கூடாது என்று அறியாத கை.

வண்டியில் ஏறிய பிறகும் கொழுந்தன் சாவியைத் திருப்பவில்லை. இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்பது அவனுக்கும் நினைவிருந்தது. நகைச்சுவை எதுவும் அவனுக்கு அகப்படவில்லை.

"சொல்லாம விட்டுட்டா என்ன அண்ணி? அந்த மனுஷனுக்கு இனிமே இழக்க என்ன இருக்கு?"

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காளே, அவளுக்கு இருக்கு. வண்டிய எடு."

பல் மருத்துவமனையில் அன்று நோயாளிகள் இல்லை. வரவேற்பறையின் நாற்காலிகள் சுவரோடு சேர்ந்து நின்றன. மகளின் பதக்கங்கள் ஒரு கண்ணாடிப் பேழையில் இருந்தன. எந்தப் பதக்கத்தின் எந்த எழுத்தின் இடுக்கிலும் தூசு இல்லை. மருத்துவர் அவர்களை உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். போகிற போக்கில் கண்ணாடியைக் கழற்றி, கழுவுதொட்டியின் அருகே இருந்த சிறிய எஃகுத் தொட்டிக்குள் போட்டு மூடினார். பார்க்காமலே செய்தார், கை தானாகச் செய்தது. காலையில் கேட்ட அதே ரீங்காரம் எழுந்தது. அறையெங்கும் அந்தச் சோப்பு நீரின் எலுமிச்சை மணம் பரவியது.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தார்.

ஆதாரம் கிடைத்ததா என்று மருத்துவர் கேட்டார். கிடைத்தது என்று அண்ணி சொன்னார். பிறகு, கடைசியாக அந்தத் துப்பாக்கியை அவர் எப்போது சுத்தம் செய்தார் என்று விசாரித்தார். அவர் தயங்கவேயில்லை. விபத்துக்கு முந்தின நாள் மாலை, இதோ இந்த மேசையில்தான் என்றார். மறுநாள் முக்கியமான பயிற்சி என்று மகள் சொன்னாளாம். அவள் இந்தச் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே, போதும் அப்பா போதும் அப்பா என்று சிரித்தாளாம். பேசப்பேச அவர் முகத்தில் ஒரு மென்மை வந்தது. அந்த நிமிடத்துக்கு அவர் அந்த மாலையில் இருந்தார்.

"எப்பவும் துடைக்கிறதோட விடுவேன். அன்னைக்கு பிடியக் கழட்டி, என் கருவிங்களுக்கு எப்படி செய்வேனோ அப்படி செஞ்சேன். ரெண்டு தடவை. ஒரு பிசுக்கு இல்லாம. எங்க தொழில்ல சுத்தம்னா அதுதான். எண்ணெய்ங்கிறது எங்களுக்கு அழுக்கு. அப்படியும் உள்ள எங்கயோ அந்த ஆளோட எண்ணெய் மிச்சம் இருந்திருக்கு பாருங்க."

"டாக்டர்" என்றார் அண்ணி. "அதுல எண்ணெயே இல்ல."

"இல்லன்னா?"

"ஒரு சொட்டு இல்ல. வறண்டு கிடந்துச்சு. அதனாலதான் மேல் பாகம் நின்னுச்சு. அதனாலதான் பின் சிக்குச்சு."

தொட்டியின் ரீங்காரம் தானாக நின்றது. கொழுந்தன் தன் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தான். பாதி விரிந்து நின்ற கத்தி. மருத்துவர் அதை எடுத்தார். மூடப் பார்த்தார், விரிக்கப் பார்த்தார். கீலில் இருந்த செம்புள்ளிகளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். வாழ்நாளெல்லாம் நுணுக்கமான கருவிகளைக் கையாண்ட விரல்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் அழவில்லை. சுழல்நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அது சுழலாதபடி நிறுத்தினார். அது நின்றுதான் இருந்தது.

அந்த ஆள் தானே ஒப்புக்கொண்டாரே என்று கேட்டார். கேள்விபோல் ஒலிக்கவில்லை, யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்பதுபோல் ஒலித்தது.

"அன்னைக்கு முதல்ல ஓடிவந்து துப்பாக்கிய எடுத்தது அவர்தான். எண்ணெய் இல்லன்னு கை சொல்லியிருக்கும். உங்க மேல எப்பவும் வீசுற இந்த எலுமிச்சை வாசனையும் அப்ப அதுல இருந்திருக்கும். நீங்க பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அவர் உங்களப் பாத்தாரு. தப்பு என்னுதுன்னு சொல்லிட்டாரு."

மருத்துவர் தொட்டியைத் திறந்து, சொட்டச்சொட்டக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, எங்கே வர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் அவர் எல்லாவற்றையும் தம் வாயால் சொன்னார். ஆய்வாளர் எண்ணெய்க்கையை வெளியே அழைத்துவரச் செய்தார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவரோ அவளைப் பார்க்குமுன் மருத்துவரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் என்ன நடந்தது என்பது புரிந்துவிட்டது. விடுதலையானவர் முகத்தில் வர வேண்டியது எதுவும் அந்த முகத்தில் வரவில்லை.

"ஏன் ஐயா சொன்னீங்க? அத நானே உள்ளுக்குள்ள வச்சிருந்திருப்பேன்ல."

அவருக்குக் கோபம் அண்ணியின்மேல்தான். பாப்பா ஒருத்திதான் என் கையைப் பிடிப்பாள், அவளுக்காக இதைக்கூடச் செய்ய விடவில்லையே என்றார். அண்ணி பதிலாக அவருடைய மனைவியைக் கைகாட்டினார். அப்போதுதான் அவர் திரும்பி, அவளுடைய வயிற்றையும் வீங்கிய பாதங்களையும் பார்த்தார். தலை குனிந்தது. பிறருக்காகத் தாம் சுமந்த பாரத்தை இன்னொருத்தியும் சேர்ந்து சுமந்திருக்கிறாள் என்பது அவருக்கு அந்தக் கணம் வரை உறைக்கவில்லை.

புறப்படுமுன் அவர் மருத்துவரிடம் சென்றார். உள்ளங்கையைப் பழக்கத்தால் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு அதில் எண்ணெய் இல்லை. பிறகு கையை நீட்டினார். மருத்துவர் அந்தக் கையைப் பார்த்தார். முழங்கால்மேல் கிடந்த தம் கையைத் தூக்க அவரால் முடியவில்லை. அருவருப்பினால் அன்று; தம் கை என்ன செய்தது என்று இப்போது அவருக்குத் தெரியும். நீட்டிய கை சிறிது நேரம் காற்றில் நின்றுவிட்டு இறங்கியது.

திரும்பும் வழியில் கொழுந்தன் மடக்குக் கத்திக்கு எண்ணெய் வாங்க வண்டியை நிறுத்தினான். அண்ணன் கத்தியாச்சே அண்ணி, என்றான். அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

எண்ணெய்க்கை மீண்டும் அதே பட்டறையில், அதே தொட்டிக்கும் தட்டுக்கும் இடையில் நிற்கிறார். உறுப்பினர்கள் இப்போது தலையைக்கூட அசைப்பதில்லை. கையொப்பமும் முத்திரையும் இட்ட அறிவிப்பை அகற்ற விதிமுறை இல்லை என்கிறார் செயலாளர். ஆகவே, அந்தத் தாள் இன்றும் பலகையில்தான் இருக்கிறது.

வாசகரே, கதை படித்து முடிந்தது என்று இந்தப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அப்படியொரு தாள் உங்கள் கண்ணில் படும் பலகையிலும் இருக்கும். அதில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால், கிழித்தெறியுங்கள். அதன் அடியில் நிற்பவர் எண்ணெய் வழியும் கையை உங்களிடம் நீட்டினால், அவர் துடைத்துக்கொள்ளும் வரை காத்திராமல் அந்தக் கையைப் பற்றிக் குலுக்குங்கள். உங்கள் சட்டையைப் பிறகு துவைத்துக்கொள்ளலாம்.